போர்டுல என்ன எழுதுறது

எங்க வீட்டுக்காரருக்கு தெரிஞ்ச அண்ணன் ஒருத்தரு, அலங்காநல்லூர் பக்கம் நாலு ஏக்கர் தோப்பு வச்சிருக்காரு, புள்ளைக ரெண்டும் வெளிநாடு. போன வாரம் போன் பண்ணி, "தங்கச்சி, நானும் ஒன்ன மாதிரி ஒரு அசிஸ்டட் லிவிங் போடலாம்னு இருக்கேன், லைசன்ஸ் எங்க வாங்கணும், எவ்ளோ ஆகும், ரெண்டு வார்த்தைல சொல்லு"ன்னாரு. அசிஸ்டட் லிவிங்னா வயசானவங்கள தங்க வச்சு கூடவே இருந்து பாத்துக்குற இடம். எனக்கு சிரிப்பு வந்துருச்சு. அந்த ரெண்டு வார்த்தைக்குத்தான் அண்ணே நாங்க ரெண்டு வருஷம் அலைஞ்சோம்னேன். அவருக்கு சொன்னத அப்படியே இங்க எழுதி வைக்கிறேன், இனிமே கேக்குறவங்களுக்கு லிங்க்க அனுப்பிட்டு நான் என் சோலிய பாக்கலாம்.

மொத விஷயம், அசிஸ்டட் லிவிங்னு கேட்டுட்டு எந்த ஆபீசுக்குப் போனாலும் அந்தப் பேருல ஃபைல் கிடையாது. அங்க இருக்கிறது முதியோர் இல்லம்ங்கிற ஃபைலு. 2007ல மத்திய அரசு கொண்டாந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு சட்டம், அதுக்கு தமிழ்நாடு 2009ல போட்ட விதிகள், இதுக்குள்ளதான் நம்ம வண்டி ஓடணும். மாவட்ட சமூக நல அலுவலகத்துல மனு, கலெக்டர் பேருல பதிவு. 2019 டிசம்பர்ல பார்லிமென்ட்ல ஒரு திருத்த மசோதா வந்துச்சு, அதுல பராமரிப்பு இல்லத்துக்கும் வீட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்கும் தனியா பதிவு, தனி தரம்னு எல்லாம் இருந்துச்சு, அது சட்டமாகாமலே போச்சு. அதனால நீங்க ஏசி ரூம் போட்டாலும் சரி, ஓலைக் கொட்டாய் போட்டாலும் சரி, காகிதத்துல முதியோர் இல்லம்தான்.

இதுல என்ன இருக்கு, பேருதானன்னு நெனச்சேன். எல்லாத் தலைவலியும் அந்தப் பேருல இருந்துதான் ஆரம்பிச்சது.

நான் இருபது வருஷம் ஸ்டாஃப் நர்ஸு. இந்த முதியோர் இல்ல வேலைக்கு வந்ததுக்கு காரணம் எங்க அத்தை, மாமியார சொல்றேன். ஒரு நாள் காலைல பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க, விழுந்தவங்க கதவு மேலயே சாஞ்சு கெடக்காங்க, கதவு உள்பக்கமா தெறக்குற கதவு. வெளிய இருந்து தள்ளினா அவங்களத்தான் இடிக்கும். உள்ள முனகல் சத்தம் கேக்குது, நானும் அவரும் வெளிய நிக்கிறோம், பக்கத்துத் தெரு ஆசாரி வந்து கீல கழட்டித்தான் தூக்கினோம், முக்கால் மணி நேரம். இடுப்பு எலும்பு போச்சு. ஆபரேஷன் பண்ணி வீட்டுக்கு கூட்டியாந்து எட்டு மாசம் நான் லீவு போட்டு பாத்தேன், அப்ப தெருவுல இருந்து ஒவ்வொருத்தரா வந்து "எங்கம்மாவ இப்படி பாக்க ஆள் கெடைக்குமா"ன்னு கேப்பாங்க. அத்தை போனதுக்கு அப்புறம், 2021 கடைசில, மதுரை ஒத்தக்கடைக்கு அங்கிட்டு யானைமலை தெரியுற மாதிரி ஒரு மாடி வீட்ட வாடகைக்கு புடிச்சோம். இப்ப எங்க இடத்துல எல்லா பாத்ரூம் கதவும் வெளிய தெறக்கும், உள் தாழ்ப்பாள வெளிய இருந்து காசு வச்சு திருப்பி தெறந்துரலாம். எந்த விதில இருக்கு இல்லன்னு நான் பாக்கல, எங்க அத்தைக்காக வச்சது.

கட்டடத்த பத்தி சொல்லிர்றேன். சட்டத்துல இது வீடு இல்ல, பொதுக் கட்டடம். 1965ல போட்ட தமிழ்நாடு பொதுக் கட்டட உரிமச் சட்டம் ஒண்ணு இருக்கு, அதுல தாசில்தார் குடுக்குற ஃபாரம் டி லைசன்ஸு, பள்ளிக்கூடத்துக்கும் ஹாஸ்டலுக்கும் வாங்குற அதே காகிதம்தான் நமக்கும். அதுக்கு முன்னாடி இஞ்சினியர் குடுக்குற ஸ்டெபிலிட்டி சர்டிபிகேட், தீயணைப்புத் துறைல தடையில்லாச் சான்று, சுகாதாரத் துறைல சானிட்டரி சர்டிபிகேட். சமையல் பண்றதால ஃபுட் சேஃப்டி பதிவு. வாடகை இடம்னா அக்ரிமெண்ட்ட பத்திரமா ரிஜிஸ்டர் பண்ணுங்க, 11 மாசத்து அக்ரிமெண்ட்ட ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி கொண்டு போனா மூஞ்சில அடிச்ச மாதிரி திருப்பி குடுப்பாங்க, எனக்கு குடுத்தாங்க. ஓனரு ரிஜிஸ்டர்னதும் பயந்து பின்வாங்கி, அவர சமாதானப்படுத்த மூணு மாசம்.

இதெல்லாம் ஒண்ணுக்கு ஒண்ணு சங்கிலி. அத வாங்கிட்டு வா இத தர்றேன்பாங்க, இங்கிட்டு வந்தா அத வாங்கிட்டு வான்பாங்க. ஒரு ஆபீஸ்ல எங்க ஃபைல் நாலு மாசம் அசையல, ஏன்னு கேட்டா சீட்டுல ஆள் இல்ல. சரி விடுங்க. எல்லாத்துலயும் ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து தேதி போட்டு அக்னாலஜ்மெண்ட் வாங்கிருங்க, நான் சொல்லக்கூடிய ஒரே புத்திசாலித்தனம் அதான்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்ல ஒருத்தரு நல்ல மனுஷன், உள்ள வந்து கட்டில பாத்தாரு, பின்னாடி தூக்கி விடுற மெடிக்கல் கட்டிலு, ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஒண்ணு ஓரமா நிக்கிது, மாடில ரெண்டு ரூம்ல டிவி. "ஏம்மா, இது முதியோர் இல்லமா, ஆஸ்பத்திரியா, லாட்ஜா, எதுன்னு நான் எழுதுறது?"ன்னாரு. கிண்டலா கேக்கல, நெசமாவே கேட்டாரு. அந்த கேள்விக்கு எனக்கும் பதில் தெரியல அன்னைக்கு. ஆஸ்பத்திரின்னு போனா க்ளினிக்கல் எஸ்டாப்ளிஷ்மெண்ட் சட்டத்துல தனியா பதிவு பண்ணணும், அது இணை இயக்குநர் மருத்துவப் பணிகள் ஆபீஸ், அங்க வேற ஒரு சங்கிலி. நாங்க ட்ரிப்ஸ் போடுறதில்ல, வார்டு கெடையாது, டாக்டர் வாரம் ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போவாரு, சீரியஸ்னா 108 கூப்பிட்டு பெரியாஸ்பத்திரிக்கோ வீட்டாளுக சொல்ற எடத்துக்கோ போயிருவோம், அப்படின்னு எழுத்துல குடுத்தோம். நர்ஸா இருந்த எனக்கு கை அரிக்கும், ஒரு ஊசிய போட்டா சரியாயிரும்னு தெரியும், ஆனா கோடு அங்கதான்.

அப்புறம் சாய்தளம். இத எழுதாம விட முடியாது. வாசப்படி உயரம் தரைல இருந்து ரெண்டடி. கணக்கு ஒண்ணுக்கு பன்னெண்டு, அதாவது ஒரு அடி உயரம்னா பன்னெண்டடி நீளம், அப்ப 24 அடி வேணும். வாசல்ல இருந்து கேட்டு பதினஞ்சடிதான். கொத்தனாரண்ணன் என்னைய கேக்காம ஆறடில சறுக்குமரம் மாதிரி ஒண்ண போட்டு சிமெண்டு பூசி முடிச்சிட்டாரு. "ஸ்கூட்டி ஏறுதுல்லக்கா, வண்டி ஏறுனா சேரு ஏறாதா"ன்னாரு. சரிண்ணே உக்காருங்கன்னு வீல் சேர்ல அவரயே உக்கார வச்சு கீழ இருந்து தள்ளினேன், பாதி வரைக்கும் போச்சு, அதுக்கு மேல என்னால முடியல, சேரு பின்னாடி வருது, அவரு ரெண்டு கையாலயும் கம்பிய புடிச்சிக்கிட்டு "ஏ விட்றாதக்கா விட்றாதக்கா"ன்னு கத்துறாரு. எறங்கினதும் ஒரு வார்த்தை பேசல, மறுநா காலைல அவரே சம்மட்டி கொண்டாந்து ஒடச்சாரு. பன்னெண்டடி போயி ஒரு திட்டு, அங்க வண்டிய திருப்பி இன்னொரு பன்னெண்டடி, பக்கத்துச் சுவத்த ஒட்டி. ஒரு மல்லிகைக் கொடி போச்சு.

காசு. 14 கட்டில். நடமாடுறவங்களுக்கு மாசம் 16,000, படுக்கைல இருக்கவங்களுக்கு 22,000, டயப்பரும் மாத்திரையும் தனி. டிரஸ்ட்டா பதிவு பண்ணி, வருமான வரித்துறைலயும் தர்ம ஸ்தாபனமா பதிவு வாங்கினா, 60 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்க கிட்ட தங்குறது சாப்பாடு பராமரிப்பு எல்லாம் சேத்து மாசம் 25,000 வரைக்கும் வாங்குறதுக்கு ஜிஎஸ்டி கெடையாது, தனியார் கம்பெனியா போட்டா அந்த விலக்கு இல்ல. எங்க ஆடிட்டர் இத மொதல்லயே சொன்னாரு, அவருக்கு புண்ணியம். ஆனா டிரஸ்ட்டுன்னா லாபத்த எடுத்து வீட்டுக்கு கொண்டு போக முடியாது, சம்பளமா எடுத்துக்கலாம். நாலு ஏக்கர வித்து கோடி பாக்கலாம்னு நெனச்சா அலங்காநல்லூர் அண்ணே, மாட்டுப் பண்ணைய பாருங்க.

செலவுல பெருசு சம்பளம்தான். ராத்திரி ஆளுக்கு. படுக்கைல இருக்கவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லன்னா முதுகுலயும் இடுப்புலயும் படுக்கைப்புண்ணு வந்துரும், வந்தா ஆற மாசக்கணக்கு. சுவத்துல ஒரு சார்ட்டு, பத்து மணி இடது, பன்னெண்டு வலது, ரெண்டு மல்லாக்க, நாலு இடது. அந்த ரெண்டு மணி கட்டத்துல கையெழுத்து இருக்கான்னுதான் நான் காலைல வந்ததும் பாக்குறது, மத்தத அப்புறம். மேலூர் பக்கத்து கிராமத்துல இருந்து ரெண்டு அக்கா நைட்டுக்கு வர்றாங்க, பொம்பளைகளுக்கு டவுன் பஸ் ஃப்ரீயானதுலதான் இந்த சம்பளத்துக்கு கட்டுப்படியாகுதுங்கிறாங்க. ஏழரை மணி பஸ்ஸ விட்டா அன்னைக்கு நான்தான் நைட்டு. வேலைக்கு பத்து ஆள் ஆயிட்டாலே இஎஸ்ஐ வரும், அதையும் கணக்குல வச்சுக்கங்க.

யாரும் சொல்லித் தராத செலவு டயப்பரு. வாங்குற காச சொல்லல, தூக்கிப் போடுற காச சொல்றேன். படுக்கைல ஆறு பேரு, ஆளுக்கு நாலு, ஒரு நாளைக்கு 24, ஈரத்தோட எட வச்சா பத்து கிலோ கிட்ட வரும். குப்பை எடுக்க வர்ற தூய்மைக் காவலர் அக்கா மொத நாள் பைய தூக்கிப் பாத்துட்டு அப்படியே கீழ வச்சிட்டு போயிருச்சு, அது மேல தப்பு சொல்ல முடியுமா. இப்ப தனியா பேப்பர்ல சுத்தி தனிப் பைல கட்டி வைக்கிறோம், புண்ணு கட்டுற பஞ்ச மருத்துவக் கழிவு வண்டிக்கு மாசக் கட்டணம் கட்டி குடுக்குறோம். அந்த அக்காவுக்கு தீபாவளிக்கு எங்க ஆளுகளுக்கு குடுக்குற போனஸே உண்டு.

இப்ப பேருக்கு வர்றேன்.

ஒரு தப்பு நான் பண்ணினேன். காகிதமெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே மூணு பேர சேத்துட்டேன், கேக்குறவங்க அழுது கேக்குறாங்க, மனசு கேக்கல. வாசல்ல போர்டும் வைக்கல. தெருக்காரங்க என்னமோ ஏதோன்னு பேச ஆரம்பிச்சு கடைசில மனுவே குடுத்துட்டாங்க, "குடியிருப்புப் பகுதியில் அடிக்கடி சாவு வண்டி வரும்"னு. நோட்டீஸ் வந்துச்சு. போயி நின்னு மன்னிப்பு எழுதிக் குடுத்து ஒரு மாசம் டைம் வாங்கினேன். தெருவுல ஒவ்வொரு வீடா ஏறி எறங்கினேன், ஒரு பெரியவரு திண்ணைல உக்காந்துக்கிட்டு "முதியோர் இல்லம்னா அநாதைப் பொணமால்லம்மா வரும்"னாரு, அவருக்கே 80 இருக்கும். இது வரைக்கும் எங்ககிட்ட நாலு பேரு தவறிட்டாங்க, நாலு பேருக்கும் புள்ளைக வந்து நின்னு, வெளிநாட்டுல இருந்து வர ரெண்டு நாளானா ஃப்ரீசர் பாக்ஸ் வச்சு, முறையா தத்தனேரி மயானத்துக்கு எடுத்துட்டுப் போயிருக்கோம். மொத தடவை அந்தத் திண்ணைப் பெரியவரே வந்து மாலை போட்டாரு.

பதிவு வந்ததும் போர்டு வச்சோம், "முதியோர் இல்லம்"னு பெருசா, பதிவு எண்ணோட. டிரஸ்ட்டு பேர இங்க போடல, விளம்பரம்பீங்க. போர்டு வச்ச வாரத்துலயே ஒரு பையன், பஹ்ரைன்ல இருக்காரு, அவங்கப்பா எங்ககிட்ட இருக்காரு, வீடியோ கால்ல வாசல பாத்துட்டாரு. "அக்கா, அந்தப் போர்ட எடுத்துருங்க, சொந்தக்காரன் எவனாச்சும் பாத்தா நான் ஊருக்கு எப்படி வர்றது, மாசம் 2,000 சேத்து தர்றேன்"னாரு. அவரு ஒருத்தருன்னா பரவால்ல, வர்றவங்கள்ல பாதிப் பேரு அதான் கேக்குறாங்க. வேன்ல பேரு எழுதாதீங்க, பில்லுல வேற பேரு போடுங்க, ஊருக்குள்ள அம்மா அக்கா வீட்டுல இருக்குன்னு சொல்லி வச்சிருக்கோம். இங்கிலீசுல அசிஸ்டட் லிவிங்னா மட்டும் சரிங்கிறாங்க, அதுல விட்டா பெருமை, இதுல விட்டா பாவம், கஞ்சி ஒண்ணுதான், கட்டில் ஒண்ணுதான்.

அந்தப் பஹ்ரைன் பையன நான் தப்பா சொல்ல மாட்டேன், மாசம் அஞ்சாந் தேதி காசு டாண்ணு வரும், தினமும் பேசுவாரு. இன்னொரு தாத்தா இருந்தாரு, வீட்ட மகனுக்கு தானசெட்டில்மெண்ட் எழுதிக் குடுத்த மறுமாசம் இங்க எறக்கி விட்டாங்க, மூணு மாசத்துல பணமும் நின்னுச்சு போனும் நின்னுச்சு. அந்த 2007 சட்டத்துலயே 23ம் பிரிவு இருக்கு, பாத்துக்குவேன்ங்கிற நிபந்தனைல எழுதி வாங்கிட்டு பாக்கலைன்னா அந்தப் பத்திரத்த ரத்து பண்ணலாம், ஆர்டிஓ, அதான் வருவாய் கோட்டாட்சியர், அவருகிட்ட மனு, ஜீவனாம்சமா மாசம் 10,000 வரைக்கும் உத்தரவு போடலாம். அந்த "பாத்துக்கணும்"ங்கிற வரி பத்திரத்துல இருந்தா கேஸு நிக்கும், இல்லன்னா இழுபறி. அதனால எழுதிக் குடுக்குற அப்பா அம்மாக்களே, அந்த ஒரு வரிய எழுதச் சொல்லுங்க, பத்திரம் எழுதுறவரு தேவையில்லம்பாரு, கேக்காதீங்க. தாத்தா மனு போட மாட்டேன்னுட்டாரு. "மகன் மேல கேஸ் போட்டவன்னு பேரு வேணாம்த்தா"ன்னாரு. 14567ங்கிற முதியோர் உதவி நம்பர நானே அடிச்சேன், அவங்க மகன்கிட்ட பேசி, இப்ப பாதிப் பணம் வருது. மீதிய நாங்க பாத்துக்குறோம்.

ஆக பையன்க கேட்டாங்கன்னு போர்ட எடுத்து உள்ள சாத்தி வச்சிட்டேன். கேட்டுல கதவு நம்பர் மட்டும். ஆறு மாசம் கழிச்சு வருஷாந்திர இன்ஸ்பெக்‌ஷனு, போர்டு எங்கன்னு கேட்டாங்க, பழசு மழைல ஊறிப் போச்சு, ஒரு நாள்ல வைக்கிறேன்னு சொல்லிட்டு ஒத்தக்கடைல ஒரு பெயிண்டர புடிச்சு கேட்டு மேல சின்னதா எழுதச் சொன்னேன், பையன்க கண்ணுல படாத சைஸ்ல.

எங்ககிட்ட ஒரு டீச்சரம்மா இருக்காங்க, உசிலம்பட்டி பக்கம் கவர்மெண்ட் ஸ்கூல்ல தமிழ் எடுத்து ஹெச்எம்மா ரிட்டையர்டு ஆனவங்க, 81 வயசு, வாக்கர்ல நடப்பாங்க. புள்ள கிடையாது, அவங்களா பென்ஷன் காச எண்ணிக் குடுத்து சேந்தவங்க. தங்கச்சிகிட்ட போன்ல பேசும்போது இத ஹாஸ்டல்னுதான் சொல்லுவாங்க, என்னைய பாத்தா "வார்டன் வர்றா, வச்சிர்றேன்"பாங்க. பென்ஷனுக்கு உயிரோட இருக்கேன்னு சர்டிபிகேட் எடுக்கணும்ல, விரல் ரேகை தேஞ்சு போச்சு, மெஷின் எடுக்கல, மொகத்த காட்டி எடுக்குற ஆப்புல கண்ண சிமிட்டுங்கன்னு வரும். "டீச்சர் கண்ண சிமிட்டுங்க"ன்னேன், "எவனப் பாத்துடி?"ன்னாங்க, ஹாலே சிரிச்சுச்சு, அந்தச் சிரிப்புல மொகம் ஆடி ஆப்பு மறுபடி ஃபெயிலு.

பெயிண்டர் எழுதிட்டுப் போன அன்னைக்கு சாயங்காலம் டீச்சரம்மா வழக்கம் போல சாய்தளத்துல எறங்கி, திட்டுல நின்னு மூச்சு வாங்கிட்டு, கேட்டு வரைக்கும் போனாங்க. திரும்பி வர்றாங்க, மொகம் செவந்து கெடக்கு. எனக்கு திக்குன்னுச்சு, இவங்களுக்கும் அந்தப் பேரு பிடிக்கல போல, ஹாஸ்டல்னு சொல்லிட்டு இருந்தவங்களாச்சேன்னு.

"ஏ புள்ள, எவன் எழுதுனது அது?"

"பெயிண்டர்தான் டீச்சர், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வேணும்னாங்க, சின்னதாத்தான எழுதியிருக்கு…"

"சின்னதா எழுதுனா தப்பு தெரியாதோ? இள்ளம்னு எழுதி வச்சிருக்கான், பெரிய ள போட்டு. முப்பத்தஞ்சு வருஷம் ல-வும் ள-வும் சொல்லிக் குடுத்தவ குடியிருக்க வீடு. நாளைக்கு என் மாணவன் எவனாச்சும் என்னைய பாக்க வந்தா வாசல்ல அதையா படிக்கணும்?"

மறுநாள் பெயிண்டர் வந்தாரு. வாக்கர புடிச்சிக்கிட்டு பக்கத்துலயே நின்னு எழுத வச்சாங்க, அந்த சைஸும் பத்தாதுன்னு சொல்லி ரெண்டு மடங்கா.